ஒரு பழைய காருக்கு 430 கோடி ரூபாய்!

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம். நியூயார்க் நகரத்தில் ஓர் ஏலம். ஏலத்துக்கு வந்த சரக்கு ஒரு பழைய கார். 1962-ல் இத்தாலியில் செய்தது. பெராரி 250 ஜி.டி.ஓ. என்பது அதன் பெயர். சில நிமிஷ நேரம் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு சுத்தியல் விழுந்தது. கம்பெனியின் தரகும் சேர்த்து 5 கோடியே 17 லட்சம் டாலர்! அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்குச் சுமார் 430 கோடி ரூபாய்.

இதே வகைக் கார் ஒன்று 2018-ல் கலிபோர்னியாவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2016-ல் பாரிஸ் நகரத்தில் பெராரி 335 எஸ். என்ற பந்தயக் கார் 3 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு மேல் விலை பெற்றது. 2025 பிப்ரவரியில், மீண்டும் பாரிஸில், பெராரி 250 எல்.எம். என்ற கார் சுமார் 3 கோடியே 49 லட்சம் யூரோவுக்கு விற்றது. பெரிய பத்திரிகைகள் இவற்றைப் படத்துடன் போட்டுப் பரவசப்பட்டன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தாலியில் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு 30,000 யூரோ சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைகளைப் படிக்கவைக்காமல், வந்த காசையெல்லாம் அப்படியே சேர்த்தாலும் நியூயார்க்கில் விற்ற அந்தக் காரை வாங்க அவருக்குச் சுமார் 1,600 ஆண்டுகள் பிடிக்கும். அதாவது, பழைய ரோம சாம்ராஜ்யம் விழுவதற்கு முன்பே அவர் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும்!

இதைச் சொன்னபோது ஒரு தோழர் கேட்டார்: "பணக்காரன் பணக்காரனுக்கு விற்கிறான். பொம்மைக்கு அடித்துக்கொள்கிறார்கள். நமக்கென்ன நஷ்டம்?"

நியாயமான கேள்விதான். கோபப்பட்டுப் பயனில்லை. பதில் சொல்ல வேண்டும். இந்த விலை எங்கிருந்து வந்தது, இந்தக் காரைச் செய்தவர்கள் யார், இதை வாங்குகிற பணம் யாருடையது என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் பதில் தானே வெளிப்படும்.

விலை எங்கிருந்து வந்தது?

250 ஜி.டி.ஓ. கார்களை 1962 முதல் 1964 வரை செய்தார்கள். மொத்தம் 36. மூன்று லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், சுமார் 300 குதிரைச் சக்தி. பந்தயத்துக்காகச் செய்த யந்திரம். புதிதாக வந்தபோது அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர் விலை. அன்றும் அது ஏழைகளின் விலையல்ல. ஆனால் நவம்பர் ஏலத்தில் கிடைத்த விலை அதைப்போல் சுமார் 2,870 மடங்கு!

"விலைவாசி ஏறவில்லையா?" என்பார்கள். ஏறியிருக்கிறது. 1962-லிருந்து 2023 வரை அமெரிக்காவில் பொதுவான விலைவாசி ஏறத்தாழ 10 மடங்கு ஏறியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி 18,000 டாலர் 1,80,000 டாலர் ஆகும். மீதி ஐந்து கோடி டாலர்? இந்த 60 ஆண்டுகளில் காரில் யாராவது ஐந்து கோடி டாலர் உழைப்பைப் போட்டார்களா? கழற்றி மாட்டிய மெக்கானிக்கின் கூலியும், பெயிண்ட் அடித்தவரின் கூலியும் அதில் தூசுக்குச் சமம்.

இந்தப் புதிர் புதிதல்ல. பண்டங்களின் மதிப்பை உழைப்பு நிர்ணயிக்கிறது என்று சொன்ன ரிக்கார்டோ, 1817-லேயே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவைத்தார். அபூர்வமான சிலை, ஓவியம், பழைய ஒயின் போன்றவற்றை உழைப்பைக் கொண்டு பெருக்க முடியாது. ஆகவே அவற்றின் விலை, வாங்குபவரின் செல்வத்தையும் ஆசையையும் பொறுத்து ஏறி இறங்கும் என்றார். மார்க்ஸும் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் பழம்பொருள்களையும் பெரும் கலைஞர்களின் படைப்புகளையும் இந்த வகையிலேயே சேர்க்கிறார். ஆகவே, இந்தக் காரின் விலைச்சீட்டு காரின் தரத்தைக் காட்டும் அளவுகோல் அல்ல. எத்தனை பணம் எத்தனை சில கைகளில் குவிந்து, போக இடமில்லாமல் நிற்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல்.

இதற்குச் சான்று வேண்டுமா? காரின் சரித்திரத்தையே பாருங்கள். பந்தயத்தில் இந்த மாடலின் காலம் முடிந்ததும், பழைய பந்தயக் கார் என்று இதைச் சில ஆயிரம் டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். 1964-ல் இந்த வகைக் கார் ஒன்றை அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் விக்டோரியா நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்தார் அதன் சொந்தக்காரர். மோட்டார் தொழில் படிக்கும் மாணவர்கள் அதன் எஞ்சினைத் திறந்து பார்த்துப் பாடம் கற்றார்கள்! 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவரிடம் அது பல ஆண்டுகள் திறந்த வெளியில் ஒரு டிரெய்லர் வண்டியின் மேல் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. கார் அதே கார்தான். எஞ்சினும் அதே எஞ்சின்தான். மாறியது என்ன? அதை நோக்கி வந்த பணம்தான் மாறியது.

1988 ஆகஸ்டில் கம்பெனியின் ஸ்தாபகர் என்ஸோ பெராரி இறந்தார். "இனிமேல் இவர் கையால் கார் வராது" என்று சொல்லிச் சூதாடிகள் புகுந்தார்கள். விலை கிடுகிடுவென்று ஏறியது. 1990-க்குப் பின் குமிழி வெடித்தது; விலை அதலபாதாளத்துக்கு விழுந்தது. பிறகு 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது. பாங்கிகளைக் காப்பாற்ற சர்க்கார்கள் பணத்தைக் கொட்டின, வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகில் இறக்கின. வேலையிழந்தவனுக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. அது நிலத்துக்கும் ஓவியத்துக்கும் ஒயினுக்கும், இந்தக் கார்களுக்கும் போயிற்று. 2009-க்குப் பிறகு வந்த புதிய ஏற்றத்தின் கதை இதுதான்.

செய்தவர்கள் யார்?

ஏலப் புத்தகத்தைப் புரட்டினால் காரின் ஜாதகமே அதில் இருக்கும். எந்தப் பந்தயத்தில் ஓடியது, எந்தக் கோமான் ஓட்டினார், எந்த நடிகர் வைத்திருந்தார், எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். செய்த தொழிலாளியின் பெயர் மட்டும் இருக்காது.

இந்தக் காரின் வெளிக்கூட்டை மோடெனா நகரத்தில் செர்ஜோ ஸ்காலியெத்தி என்பவரின் பட்டறையில் செய்தார்கள். அவர் ஒரு தச்சரின் மகன். தகப்பனார் இறந்ததால் பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போனவர். அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைப்பதுதான் அங்கே வேலைமுறை. நம் ஊர்ப் பட்டறையில் டிங்கர் வேலை என்கிறோமே, அதே குடும்பத்தைச் சேர்ந்த கைத்தொழில். வரைபடத்தைவிட கண்ணும் கையும்தான் அங்கே அளவு. அதனால்தான் 36 கார்களில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது என்பார்கள். கோடீசுவரர்கள் இன்று தடவிப் பார்த்து மெய்மறக்கும் அந்த வளைவு, பெயர் தெரியாத தொழிலாளர்களின் சுத்தியலடி!

காரை உருவாக்கிய பொறியாளரின் கதை இன்னும் விசேஷமானது. 250 ஜி.டி.ஓ.வை உருவாக்கும் வேலைக்குத் தலைமை வகித்தவர் ஜோத்தோ பிட்ஸரீனி. 1961-ன் இறுதியில் கம்பெனி நிர்வாகத்தை எதிர்த்துச் சில பொறியாளர்களும் அதிகாரிகளும் கூட்டாகக் கடிதம் கொடுத்தார்கள். பதில் என்ன தெரியுமா? வெளியே போ! பிட்ஸரீனியும் வெளியேற்றப்பட்டார். 26 வயது நிரம்பிய மௌரோ போர்கியேரி என்ற இளைஞரிடம் பாக்கி வேலையை ஒப்படைத்தார்கள். 1962 பிப்ரவரியில் உலகத்தின் முன் காரை நிறுத்தியபோது, அதைப் பெற்றெடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்றார்.

2019-ல் போலோஞா நகர நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 250 ஜி.டி.ஓ.வின் வடிவம் ஒரு கலைப் படைப்பு, அதை மற்றவர்கள் நகல் எடுத்து விற்கக்கூடாது என்றது. நல்லது! கலைப் படைப்பு என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கலைஞன் யார்? சுத்தியல் பிடித்தவனா, பங்குப் பத்திரம் வைத்திருப்பவனா? தீர்ப்பின் பலன் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது.

மோடெனா, 1950 ஜனவரி 9

மோடெனா என்றதும் கார் ரசிகர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பக்கத்து ஊரான மரனெல்லோவில் இருக்கும் பெராரி. மற்றொன்று மாசராட்டி. நமக்கு மூன்றாவதாக ஒரு பெயரும் நினைவுக்கு வரவேண்டும். அது மோடெனாவின் இரும்பு வார்ப்பாலை, போந்தெரியே ரியூனீத்தே.

அதன் முதலாளி அடோல்போ ஓர்ஸி. பழைய இரும்பு வியாபாரத்தில் தொடங்கி ஆலை முதலாளியானவர். 1937-ல் மாசராட்டி சகோதரர்களிடமிருந்து கார்க் கம்பெனியை வாங்கி, பின்னர் மோடெனாவுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. 1949-ன் கடைசியில் வார்ப்பாலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் நின்றார்கள். ஆலையின் கதவை மூடினார் முதலாளி. பாதிப் பேரை வைத்துத்தான் இனித் திறப்பேன் என்றார். 1950 ஜனவரி 9 அன்று நகரமே வேலைநிறுத்தம் செய்தது. ஆலை வாசலில் கூடிய ஆயுதமற்ற மக்கள் மீது போலீஸ் சுட்டது.

ஆறு பேர் மாண்டார்கள். ஆஞ்செலோ அப்பியானி, ரென்ஸோ பெர்ஸானி, அர்த்தூரோ கியாப்பெல்லி, என்னியோ கரஞானி, அர்த்தூரோ மலகோலி, ரொபெர்த்தோ ரொவாத்தி. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 11-ல், நடந்த இறுதி ஊர்வலத்தில் ஊரே தெருவில் நின்றது. கம்யூனிஸ்டுத் தலைவர் தோக்லியாத்தி அஞ்சலி உரை ஆற்றினார். மாண்ட மலகோலியின் சின்னத் தங்கை மரீஸாவை அவரும் நீல்தே யோத்தியும் தங்கள் மகளாக எடுத்து வளர்த்தார்கள்.

இதற்கும் பழைய கார் ஏலத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஓர் ஏலம் நடந்தது. பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த கார்களை அப்படியே தூசியோடு கொண்டுவந்து விற்றார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு பெராரி 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதே கூட்டத்தில் 1956-ம் ஆண்டின் மாசராட்டி ஒன்றும் இருந்தது. மேற்கூடு நசுங்கிக் கிடந்த அதற்குக் கிடைத்த விலை சுமார் 20 லட்சம் யூரோ! அது ஓர்ஸியின் மாசராட்டி. ஆறு பேர் விழுந்து ஆறே ஆண்டுகளில், அதே ஊரில், அதே முதலாளியின் பெயரில் வெளிவந்த வண்டி. அதன் மேலிருந்த தூசியைக்கூடத் துடைக்காதீர்கள், துடைத்தால் மதிப்புக் குறையும் என்றார்கள். தூசிக்கு இருந்த மதிப்பு அந்த ஆறு உயிர்களுக்கு அன்று இருந்ததா?

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1957 மே 12. இத்தாலியின் சாதாரணச் சாலைகளில் ஆயிரம் மைல் நடந்த 'மில்லே மில்யா' பந்தயம். மான்துவா மாகாணத்தில் குயிதித்ஸோலோ என்ற ஊருக்கு அருகே, பறந்து வந்த பெராரி 335 எஸ். ஒன்றின் டயர் வெடித்தது. ஓட்டியவரும் கூட இருந்தவரும் மாண்டார்கள். சாலையோரம் வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்! வழக்கு நடந்தது. 1961-ல் என்ஸோ பெராரி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அத்துடன் சாலையில் நடந்த அந்த வேகப் பந்தயம் ஒழிந்தது. 2016-ல் 3 கோடியே 20 லட்சம் யூரோ பெற்றது அந்தக் கார் அல்ல. அதே மாடலில் வேறொன்று, அதுவும் அதே பந்தயத்தில் ஓடியது. அந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதே இப்போது விலையை ஏற்றும் பெருமை! ஐந்து குழந்தைகளைப் பற்றிய வரியைப் பெருமைப் பட்டியலில் எந்த இடத்தில் எழுதுவார்கள்?

யாருடைய பணம்?

இனி மூன்றாவது விஷயம். இந்தக் கார்கள் இன்று சவாரிக்கான வண்டிகள் அல்ல. பணத்தைப் பூட்டிவைக்கும் பெட்டிகள். பணக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனிகள் ஓவியம், கைக்கடிகாரம், கைப்பை, ஒயின் என்பவற்றோடு பழைய காரையும் சேர்த்து ஆண்டுதோறும் லாபக் குறியீட்டெண் போடுகின்றன. காரை அடகுவைத்துக் கடன் வாங்கலாம். ஒரே காரை ஆயிரக்கணக்கான பங்குகளாக வெட்டி விற்கிற கம்பெனிகளும் வந்துவிட்டன. பங்கு வாங்கியவன் அந்தக் காரின் ஸ்டீரிங்கைத் தொடக்கூட முடியாது!

வரிக் கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் சொத்தை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு வரி உண்டு. ஆனால் சொந்த உபயோகத்துக்கான பயணிகள் காருக்கு அந்த வரி கிடையாது. விதி எழுந்ததன் நியாயம் சுலபமானது: கார் என்றால் தேய்ந்து விலை குறையும் பொருள், அதில் ஆதாயம் ஏது? ஆசிரியரும் நர்சும் ஓட்டும் காருக்கு அது சரி. ஆனால் சாலையில் ஓட்டத் தகுந்த பழைய பெராரியும் அதே கதவு வழியாகவே நுழைந்துவிடுகிறது. பத்து லட்சத்துக்கு வாங்கி ஒரு கோடிக்கு விற்றாலும் ஆதாய வரி இல்லை! சாதாரண மனிதனுக்காக வைத்த திண்ணையில் கோடீசுவரன் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறான்.

"நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்ட தோழருக்கு இங்கே பதில் இருக்கிறது. அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒரு ஆலையில், பாங்கில், கிடங்கில் உழைத்தவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட கூலி அது. பொக்கிஷத்துக்கு வராமல் போன வரி அது. அது வைத்தியசாலையாக வந்திருக்கலாம், பள்ளிக்கூடமாக வந்திருக்கலாம். வராமல், குளிரூட்டிய கொட்டகையில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது.

"அவர்கள் வாங்காவிட்டால் அழிந்துபோகுமே!"

இந்த வாதத்தையும் தட்டிக்கழிக்கக்கூடாது. விலை இருப்பதால்தான் பழுது பார்க்கிறார்கள், விலை இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. விலையில்லாத காலத்தில் பல நல்ல யந்திரங்கள் அழிந்துதான் போயின. பழுது பார்க்கும் கைத்தொழில் இன்றும் மோடெனாவில் உயிரோடிருப்பதற்கும் இந்தச் சந்தை ஒரு காரணம்.

ஆனால் காப்பாற்றுவதற்கு ஏலச் சந்தை ஒன்றுதானா வழி? 1996-ல் நடந்ததைப் பாருங்கள். மாசராட்டியின் பழைய கார்த் தொகுப்பை லண்டனுக்குக் கொண்டுபோய் ஏலம் விட ஏற்பாடாயிற்று. தங்கள் ஊரின் சரித்திரம் துண்டு துண்டாகப் போகிறதே என்று மோடெனாவில் எதிர்ப்புக் கிளம்பியது. சர்க்காரும் தலையிட்டது. கடைசியில் உம்பெர்த்தோ பனீனி என்ற மோடெனாக்காரர் கார்களை வாங்கித் தம் பாலாடைக்கட்டிப் பண்ணையில் வைத்து, வருகிறவர்கள் பார்க்கச் செய்தார். அவரும் பணக்காரர்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஊர் குரல் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கார்கள் மோடெனாவில் தங்கியிருக்குமா என்பதே கேள்வி.

சந்தை நேர் எதிர்த் திசையிலும் இழுக்கிறது. 2025-ல் பாரிஸில் விற்ற 250 எல்.எம்., 1965-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். அதை விற்றவர் யார்? அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தய மைதானத்தின் மியூசியம்! 50 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தது. டிக்கட் வாங்கிய எந்தத் தொழிலாளியின் பிள்ளையும் அதைப் பார்த்திருக்க முடியும். இனி புதுச் சொந்தக்காரர் மனம் வைத்தால்தான் காட்சி. விலை ஏறியதால் கார் காப்பாற்றப்பட்டது என்கிறார்களே, இங்கே விலை ஏறியதால்தான் கார் ஜனங்களின் கண்ணிலிருந்து போயிற்று.

உயிருள்ளவர்களின் நிலை

2024-ல் மோடெனாவின் மாசராட்டி ஆலையிலிருந்து ஆண்டு முழுவதும் வெளிவந்தவை சில நூறு கார்கள்தான். ஆர்டர் இல்லை என்று தொழிலாளர்களைக் குறைந்த சம்பளத்தில் வீட்டில் உட்காரவைத்தார்கள். பழைய மாசராட்டிக்கு ஏலத்தில் கை மேல் கை உயர்கிறது. அதே மாசராட்டியைச் செய்யத் தெரிந்த உயிருள்ள கைகளுக்கு வேலை இல்லை! செத்த உழைப்புக்குக் கோடிக்கணக்கில் விலை, உயிருள்ள உழைப்புக்குக் கட்டாய ஓய்வு. முதலாளித்துவம் என்றால் என்ன என்று கேட்கும் இளைஞனுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

நாம் அந்தக் கார்களை வெறுக்கவில்லை. அழகான யந்திரத்தைப் பார்த்து மனம் மகிழாதவன் தொழிலாளியே அல்ல. அது நம் வர்க்கத்தின் கைவேலை, அதனால்தான் கேட்கிறோம். ஏலத்தில் பறக்கும் ஆதாயத்துக்கு வரி போடு. மியூசியத்தில் இருப்பது மியூசியத்திலேயே இருக்கட்டும். காரின் ஜாதகத்தை எழுதும்போது தகட்டைத் தட்டியவனையும் ஒரு வரி எழுது.

டெக்ஸாஸ் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காரின் வாழ்நாளிலேயே அதற்குத் தகுந்த மரியாதை கிடைத்தது அந்தச் சில ஆண்டுகளில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அதைச் சுற்றி நின்றவர்கள் விலை கேட்கவில்லை. கையில் ஸ்பானர் பிடித்த பிள்ளைகள், "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டார்கள்.